ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார்: சுகர் கணக்கு பிள்ளையின் கைக்கு மாறும் வயதில்

உடலே இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி தேவைப்படும் டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு ஆறு வயதில் ஊசி போடுவது அம்மா, அளவு சொல்வது அப்பா, நோட்டில் எழுதி வைப்பது யாராவது ஒருவர். பதினெட்டு வயதில் இதே வேலை மொத்தமும் ஒரு விடுதி அறையில் அந்தப் பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது. நடுவில் இருக்கும் வருடங்களில் எந்த வேலை எப்போது யாரிடம் போக வேண்டும் என்று பெரும்பாலான வீடுகளில் பேசிக்கொள்வதே இல்லை. கையில் ஒட்டியபடியே சுகர் அளவைக் காட்டும், அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சாரை இந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே பார்க்கலாம்: பொறுப்பு கைமாறுவதற்கு அது எந்த அளவு உதவுகிறது, எந்த இடத்தில் காரியத்தைக் கெடுக்கிறது.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்சார் நல்ல கருவி, கொடுக்கும் காசுக்குத் தகும். அதோடு வரும், பிள்ளையின் எண்ணைப் பெற்றோரின் கைபேசியில் காட்டும் செயலியான லிப்ரேலிங்க்அப், பெற்றோரின் கண்காணிப்பை எப்போது குறைப்பது என்ற திட்டத்தோடு பயன்படுத்தினால் மட்டுமே நல்லது. திட்டம் இல்லாத வீட்டில் அது பதினாறு வயதுப் பிள்ளையை மறுபடியும் ஆறு வயதுக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.

சென்சார் என்பது மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் வட்ட வில்லை. அதிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு மெல்லிய இழை தோலுக்குள் இருக்கும். ஒட்டிய பிறகு 60 நிமிடம் காத்திருந்தால் எண் காட்டத் தொடங்கும், 14 நாள் வேலை செய்யும். முதல் தலைமுறை வகையில் கைபேசியையோ ரீடர் என்ற தனிக் கருவியையோ அருகில் கொண்டுபோய் ஸ்கேன் செய்தால்தான் எண் தெரியும். 8 மணி நேரப் பதிவு மட்டுமே சென்சாரில் தங்கும் என்பதால், இரவு பத்து மணிக்கு ஸ்கேன் செய்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு எழுந்தால் நடு இரவுக்கு முந்தைய இரண்டு மணி நேரம் வரைபடத்தில் காணாமல் போயிருக்கும். இந்த வகையில் அலாரம் கிடையாது. தூக்கத்தில் சுகர் 50-க்கு இறங்கினாலும் அது எழுப்பாது. லிப்ரே 2 வகையில் புளூடூத் வழியாக, சுகர் மிகவும் இறங்கினால் லோ, மிகவும் ஏறினால் ஹை என்று அலாரங்கள் உண்டு. விடுதிக்குப் போகிற பிள்ளைக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். பெட்டியின் மேல் எந்த வகை என்று படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அலாரம் இல்லாத வகைதான் கிடைக்கிறது என்றால், இரவு படுக்கும் முன் ஸ்கேன், மாலையில் விளையாடிய நாளில் அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு ஒரு கடிகார அலாரம் என்று பழக்க வேண்டும். மாலை உடற்பயிற்சியின் விளைவு பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்தான் லோவாக வரும்.

ஒட்டும் வேலையைத்தான் முதலில் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும், பன்னிரண்டு வயதிலேயே கொடுக்கலாம். கையில் எண்ணெய், லோஷன் எதுவும் இருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவிக் குளித்த அன்று ஒட்டிய சென்சார் மூன்றாம் நாளே ஓரம் தூக்கும். சாதாரண சோப்பால் கழுவி, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முழுவதும் காயவிட வேண்டும். ஊதிக் காயவைக்கக் கூடாது. தழும்பு, மச்சம், ஊசி போட்டுக் கட்டியான இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, இன்சுலின் போடும் இடத்திலிருந்து குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி ஒட்ட வேண்டும். பெட்டியில் உள்ள இரு பாகங்களிலும் ஒரே குறியீட்டு எண் இருக்கிறதா என்று பார்த்து, கருப்புக் கோடுகள் இரண்டும் நேராக வரும்படி பொருத்தி, கெட்டியான மேசையில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். இரண்டு பெட்டியின் பாகங்களை மாற்றிப் போட்டால் சென்சார் வீண். ஒட்டிய பின் ஒரு சொட்டு ரத்தம் வருவது சகஜம். நிற்காமல் வந்தால் கழற்றிவிட வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு மேலே ஒரு ஒட்டுநாடா போடுவது நல்லது, ஆனால் சென்சாரின் நடுவில் உள்ள சிறு துளையை மூடாமல் போட வேண்டும். பேருந்துக் கூட்டம், கதவு நிலை, தோள்பையின் வார் ஆகிய மூன்றும்தான் சென்சாரைப் பிடுங்குபவை. பை மாட்டாத கையில் ஒட்டச் சொல்லுங்கள். குளிக்கலாம், ஒரு மீட்டர் ஆழத்துக்குள் அரை மணி நேரம் வரை தண்ணீரில் இருக்கலாம். கிணற்றில் குதித்து நீந்துவதற்கு அது செய்யப்படவில்லை. பிரிக்காத சென்சார்களைப் பெட்டியில் அச்சிட்டுள்ள வெப்பநிலைக்குள் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் விடுதி அறை அந்த வரம்பை எளிதில் தாண்டும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

எண்ணைப் படிப்பது இரண்டாவது பாடம், நேரம் எடுக்கும் பாடம். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திசுநீரை அளக்கிறது. அதனால் சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்து பத்து நிமிடம் பின்தங்கியே காட்டும். ஒட்டிய முதல் நாள் எண்கள் சற்று தடுமாறும். சென்சார் உள்ள கையின் மேல் படுத்துத் தூங்கினால் அந்த இடம் அழுந்தி, இல்லாத லோவைக் காட்டும். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டால் எண் பொய்யாக உயரலாம். ஆகவே உடம்பு சொல்வதும் திரை சொல்வதும் ஒத்துப்போகாத எந்த நேரத்திலும் விரலில் குத்திக் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். சென்சார் வாங்கிய வீட்டில் குளுக்கோமீட்டருக்கான ஸ்ட்ரிப் வாங்குவதை நிறுத்துவது பெரிய தவறு.

எண்ணைவிடப் பயனுள்ளது பக்கத்தில் உள்ள அம்புக்குறி. 120 என்ற எண்ணோடு கிடைமட்ட அம்பு இருந்தால் நிம்மதியாக வகுப்புக்குப் போகலாம். அதே 120-உடன் நேராகக் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் நிமிடத்துக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இறங்குகிறது என்று பொருள். இருபது நிமிடத்தில் 80-க்கு வந்து நிற்கலாம். ‘இப்போது எவ்வளவு’ என்று கேட்பதோடு ‘எந்தப் பக்கம் போகிறது’ என்றும் கேட்கப் பழகிய பிள்ளைக்கு பாதி வேலை வந்துவிட்டது. குளுக்கோமீட்டரை மட்டும் வைத்து இதைச் சொல்லிக்கொடுப்பது கடினம். பொறுப்பு மாறும் வயதில் சென்சாரை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் இந்த அம்புதான்.

சென்சார் புதிதாகக் கொண்டுவரும் ஆபத்தும் ஒன்று உண்டு. எண் எந்நேரமும் கண்ணில் படுவதால், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 240 என்று பார்த்ததும் இன்னொரு ஊசி போடக் கை துடிக்கும். முன்பு போட்ட இன்சுலின் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பது அந்தப் பதற்றத்தில் மறந்துபோகும். வேகமாக வேலை செய்யும் அனலாக் இன்சுலின் ஏறத்தாழ நான்கு மணி நேரமும், அரசு மருத்துவமனைகளில் பரவலாகத் தரப்படும் ரெகுலர் இன்சுலின் அதைவிட நீண்ட நேரமும் உடலில் இருக்கும். ஊசி மேல் ஊசி போட்டால் மூன்று மணி நேரம் கழித்து வரும் லோ மோசமானது. உணவுக்கு முன் போட்ட டோஸுக்குப் பிறகு எத்தனை மணி நேரம், ஏறிய சுகரை இறக்கும் திருத்த ஊசி போடக் கூடாது என்று மருத்துவரிடம் கேட்டு, அந்த எண்ணைக் கைபேசியின் உறையில் எழுதி ஒட்டி வைக்கலாம்.

இனி லிப்ரேலிங்க்அப். பிள்ளை, சென்சாரின் எண்ணைக் காட்டும் தன் லிப்ரேலிங்க் செயலியிலிருந்து அழைப்பு அனுப்பினால், பெற்றோர் தங்கள் கைபேசியில் அதே எண்ணையும் அம்பையும் வரைபடத்தையும் பார்க்கலாம். ஒருவர் இருபது பேர் வரை சேர்க்கலாம். அழைப்பு அனுப்புவதும் ஆளை நீக்குவதும் சென்சார் போட்டவரின் கையில் இருக்கிறது என்பது இதன் அமைப்பில் உள்ள நல்ல விஷயம். அந்த உரிமையைப் பெற்றோர் மதிக்க வேண்டும். முதல் தலைமுறைச் சென்சாரில் பிள்ளை ஸ்கேன் செய்தால்தான் பெற்றோருக்கு எண் வரும். அதனால் ‘ஏன் மூணு மணி நேரமா ஸ்கேன் பண்ணல?’ என்ற கேள்வி புதிதாக வந்து சேரும். அலாரம் உள்ள வகையிலோ, கணித வகுப்பு நடக்கும்போது அம்மாவின் கைபேசி அலறும், அடுத்த நிமிடம் பிள்ளையின் கைபேசி அடிக்கும்.

இங்கேதான் கெடுகிறது. எண் உயர்ந்ததும் முதலில் தெரிந்துகொள்பவரும் முதலில் முடிவெடுப்பவரும் பெற்றோராகவே இருந்தால், பிள்ளைக்கு எதுவும் கைமாறவில்லை. பூப்பெய்தும் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோன்களால் இன்சுலின் சரியாக எடுபடாது. எதையும் தவறாகச் சாப்பிடாத நாளிலும் 280 வரும். அந்த எண்ணை வைத்து ‘என்ன சாப்பிட்ட?’ என்று தொடங்கினால் பிள்ளை ஸ்கேன் செய்வதையே நிறுத்திவிடும், அல்லது பகிர்வை அணைத்துவிடும். வீட்டுக்குள் நுழைந்ததும் ‘சுகர் எவ்வளவு?’ என்பதற்கு முன்னால் வேறு ஏதாவது ஒன்று கேளுங்கள். எண்ணை நல்லது கெட்டது என்று சொல்லாமல் ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். இவை சிறு விஷயங்களாகத் தெரியும், ஆனால் பிள்ளை உண்மையான எண்ணைக் காட்டுமா மறைக்குமா என்பது இவற்றில்தான் தீர்மானமாகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சீக்கிரமே பிள்ளையிடம் விட்டுவிட்ட குடும்பங்களில் கட்டுப்பாடு கெடுகிறது, பெற்றோர் துணை நிற்கும் குடும்பங்களில் நன்றாக இருக்கிறது என்பது இத்துறையில் பலமுறை பார்க்கப்பட்ட உண்மை. பத்து வயதில் தானே குத்திக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து ‘இனி அவனே பார்த்துக்கொள்வான்’ என்று நினைப்பதுதான் வழக்கமான பிழை. ஊசி குத்துவது கை வேலை. எவ்வளவு குத்துவது என்பது தீர்மானம். இரண்டும் வேறு வேறு வயதில் மாற வேண்டியவை.

தீர்மானம் மாறுவதற்கு வழி இது. முதல் கட்டத்தில் பிள்ளை டோஸை வாய்விட்டுக் கணக்கிடும், பெற்றோர் கேட்டுச் சரிபார்ப்பார். உதாரணத்துக்கு, மருத்துவர் 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் என்றும், 120-க்கு மேல் ஒவ்வொரு 40-க்கும் 1 யூனிட் என்றும் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இட்லி ஒன்றுக்கு 12 கிராம் என்று நான்கு இட்லிக்கு 48, சாம்பாருக்கு 12, மொத்தம் 60 கிராம், ஆகவே 6 யூனிட். இப்போதைய சுகர் 200 என்றால் 80 அதிகம், அதற்கு 2 யூனிட். மொத்தம் 8. இந்த விகிதங்கள் ஆளுக்கு ஆள் மாறும், பிறருடையதைப் பயன்படுத்தக் கூடாது. விடுதி மெஸ்ஸின் இட்லி வீட்டு இட்லியின் அளவில் இருக்காது என்பதால் போன முதல் வாரம் ஒரு சிறிய தராசு கொண்டுபோவது பயன்படும். இரண்டாம் கட்டத்தில் பிள்ளை கணக்கிட்டுப் போட்டுவிடும், பெற்றோர் அன்று இரவு ஒருமுறை மட்டும் வரைபடத்தைச் சேர்ந்து பார்ப்பார். மூன்றாம் கட்டத்தில் அதுவும் வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை பத்து நிமிடம். முதலில் பேச வேண்டியது பிள்ளை. ஒவ்வொரு கட்டத்துக்கும் சில மாதங்கள் கொடுங்கள். தேர்வுக் காலத்திலோ காய்ச்சலுக்குப் பிறகோ ஒரு படி பின்வாங்க வேண்டி வந்தால் அது தோல்வி இல்லை.

செயலியில் இதை அப்படியே செய்யலாம். முதல் கட்டத்தில் பெற்றோரின் கைபேசியில் எல்லா அறிவிப்பும் இருக்கட்டும். இரண்டாம் கட்டத்தில் ஹை அறிவிப்பை அணைத்துவிட்டு லோ மட்டும். மூன்றாம் கட்டத்தில் இரவு லோ மட்டும், அதுவும் அழைப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் காத்திருப்பது என்ற உடன்பாட்டோடு. பிள்ளை எடுக்கவில்லை என்றால் அறைத் தோழரை அழைக்கலாம், அந்த எண் பெற்றோரிடம் இருக்க வேண்டும். விடுதியில் பிள்ளையோடு இருக்கும் ஒருவரையே லிப்ரேலிங்க்அப்பில் சேர்ப்பது இன்னும் நல்லது. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அப்பாவால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்க முடியாது.

அந்தத் தோழருக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். சுகர் 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் வேகமான சர்க்கரை, அதாவது தண்ணீரில் கரைத்த மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது அதே எடைக்குக் குளுக்கோஸ் பொடி. சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார்க்க வேண்டும். சென்சார் அப்போதும் லோவையே காட்டிக்கொண்டிருக்கும், அதை நம்பி மேலும் மேலும் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் 300-க்குப் போகும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108. இன்னொன்றையும் தயங்காமல் பேசிவிடுங்கள்: மது. கல்லீரல் சர்க்கரை வெளியிடுவதை அது தடுப்பதால், குடித்துப் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில் லோ வரும். போதை என்று நினைத்து மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். பெற்றோர் இதைப் பேச மறுத்தால் அந்த இரவுகளில்தான் பகிர்வு அணைக்கப்படும்.

சென்சார் காட்டாத ஒன்று கீட்டோன், அதாவது இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள். வாந்தி, காய்ச்சல், 250-க்கு மேல் இறங்காத சுகர் என்றால் கீட்டோன் பார்க்க வேண்டும். சிறுநீரில் பார்க்கும் பட்டைகள் மலிவு, ஒரு டப்பா விடுதி அலமாரியில் இருக்கட்டும். சாப்பிடவில்லை என்பதற்காக நீண்ட நேர இன்சுலினை நிறுத்தவே கூடாது. வாந்தி நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும், எந்த வயதானாலும், பிள்ளை வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசி பற்றி. லிப்ரேலிங்க் செயலிக்கு, அருகில் கொண்டுபோனால் தகவலைப் படிக்கும் என்.எஃப்.சி. வசதி கைபேசியில் வேண்டும். குறைந்த விலை ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் அது இல்லை, சென்சார் வாங்கும் முன் அமைப்புகளில் தேடிப் பாருங்கள். முதல் தலைமுறைச் சென்சாரை ரீடரில் தொடங்கி, அந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் கைபேசியிலும் ஸ்கேன் செய்தால் இரண்டிலும் பார்க்கலாம். கைபேசியில் தொடங்கினால் பிறகு ரீடரில் சேர்க்க முடியாது. ரீடர் வாங்குவது தேவையா என்றால், கைபேசி அனுமதி இல்லாத பள்ளியிலும் விடுதியிலும் தேவை. நுழைவுத் தேர்வுக் கூடத்துக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. நீட், ஜே.இ.இ. போன்றவற்றை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் (என்.டி.ஏ.) தேர்வு அறிவிப்பேட்டில், சர்க்கரை நோயுள்ளவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்ற விதி இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் சென்சாரைக் கழற்றிவிட வேண்டும்.

விலைதான் பெரிய தடை. ஒரு சென்சார் ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது, கடைக்குக் கடை மாறும். தொடர்ந்து போட்டால் வருடத்துக்கு 26 சென்சார், ஒரு லட்சத்தைத் தாண்டும். இது பெரும்பாலான குடும்பங்களுக்கு முடியாத தொகை. அப்படியானால் பணத்தைப் பரவலாகச் செலவழிக்காமல் கட்டம் மாறும் நேரங்களுக்கு ஒதுக்குங்கள்: பிள்ளை தானே டோஸ் முடிவெடுக்கத் தொடங்கும் முதல் இரண்டு வாரம், விடுதிக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கும் இரண்டு வாரம், போன பிறகு முதல் இரண்டு வாரம். இவற்றுக்கு மூன்று சென்சார்தான் ஆகும். ஒவ்வொன்றையும் முழுதாகப் பயன்படுத்த வேண்டும்: 14 நாளில் குறைந்தது 70 சதவீதப் பதிவு இருந்தால்தான் செயலி தரும் அறிக்கையை நம்பி மருத்துவர் இன்சுலினை மாற்ற முடியும். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது 70-க்குக் கீழே எவ்வளவு நேரம் என்பதை. அது 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு 70 முதல் 180-க்குள் 70 சதவீதத்துக்கு மேல் என்ற இலக்கு. அது ஒரு நாளில் ஏறத்தாழ 17 மணி நேரம். மீதி ஏழு மணி நேரத்துக்காகப் பிள்ளையைத் திட்டத் தேவையில்லை என்பதும் அந்த எண்ணிலேயே இருக்கிறது.

சென்சார் இடையில் பிழை காட்டி நின்றால் தூக்கி எறியாமல், பெட்டியையும் வரிசை எண்ணையும் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைக்க வேண்டும். அந்த அழைப்பையும் பிள்ளையே செய்யட்டும். அடுத்த சென்சார், ஸ்ட்ரிப், இன்சுலின் தீர்வதற்குப் பத்து நாள் முன்பே ஆர்டர் செய்வதும் பிள்ளையின் வேலைப் பட்டியலில் வர வேண்டும். இந்த வேலையைத்தான் பெற்றோர் கடைசிவரை தாங்களே வைத்துக்கொள்கிறார்கள், விடுதியில் முதலில் தவறுவதும் இதுதான்.

லிப்ரேலிங்க் செயலியின் கணக்குகளில் பல அப்பாவின் மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருக்கும். விடுதிக்குப் போவதற்கு முன், ஒரு சென்சார் முடிந்து அடுத்தது தொடங்கும் நாளில், பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் புதிய கணக்கு திறந்து, பழைய கணக்கின் அறிக்கைகளைப் பி.டி.எஃப். ஆக இறக்கிச் சேமித்துவிடுங்கள். மருத்துவர் அறிக்கையைப் பார்க்கும் இணையதளமான லிப்ரேவியூவில் மருத்துவமனையின் இணைப்பையும் புதிய கணக்கில் பிள்ளை தானே ஏற்படுத்த வேண்டும். லிப்ரேலிங்க்அப் அழைப்பு அதற்குப் பிறகு, பிள்ளை அனுப்பினால், வரும்.